கட்டிலின் நடுவே போகும் சாலை

திருவொற்றியூர்,
பிப்ரவரி 8, சனிக்கிழமை.

என் அன்பு கிருபைக்கு,

எபினேசர் எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே நான் சுகம். கிருபை மஸ்கட்டில் இருக்கும்போது இங்கே எந்தக் கிருபையால் சுகமாக இருக்கிறீர்கள் என்று நீ கேட்பாய். கேள், கேட்கத்தானே எழுதுகிறேன். நீயும், மகள் பெனிஷாவும், மாப்பிள்ளை அபினும், பேத்தி மகிமாவும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன்.

கடிதத்தைக் கண்டதும் பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தினமும் போனில் பேசுகிற மனிதர் எதற்குக் காகிதம் பேனா தேடினார் என்று நினைப்பாய். போனில் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய். நான் உன்னிடம் ஒன்று கேட்டால் பெனிஷா பதில் சொல்கிறாள். நடுவில் மாப்பிள்ளை "மாமா, சாப்டாச்சா" என்கிறார். மகிமா போனைப் பிடுங்கி நக்குகிறாள். பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டியதை மூன்று பேரைச் சாட்சி வைத்துக்கொண்டு சொல்ல எனக்கு வராது. பெனிஷாவோடு ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஹஃப்சா, ராயபுரத்துப் பெண், விடுமுறை முடிந்து நாளை திரும்புகிறாள். நெத்திலிக் கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். சமையற்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படி.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நம் வீட்டில் பாதியை நானே பச்சைப் பெயிண்ட் அடித்து ரோட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

விவரமாகச் சொல்கிறேன். ரோடு அகலப்படுத்துகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். நீ போன மூன்றாம் மாதம், ஜூனில், அளக்கிறவர்கள் வந்து நம் கடைச் சுவரில் சிவப்பில் ஒரு அம்புக்குறி போட்டு, மீட்டர் கணக்கில் 2.4 என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதாவது முன்பக்கத்தில் எட்டடி போகும், கடையில் நாலடி மிஞ்சும். பின்னால் படுக்கையறை, சமையற்கட்டு எல்லாம் அப்படியே இருக்கும். அப்போது உன்னிடம் போனில் சொன்னேன். நாலடியில் கயிறு மட்டும் விற்கலாம், தார்ப்பாயை விட்டுவிடலாம் என்று நீயும் சொன்னாய். அதோடு அந்தப் பேச்சு நின்றது. நானும் அந்த அம்புக்குறியைப் பார்க்காமலேயே கடையைத் திறந்து மூடப் பழகிவிட்டேன்.

டிசம்பர் பிறந்தது. ஒவ்வொரு வருஷமும் நீதான் ஆரம்பிப்பாய். சுவரைப் பாருங்க, கிறிஸ்மஸுக்கு வாறவங்க என்ன நினைப்பாங்க என்று காதைத் தின்பாய். நானும் கடைசி வாரம் வரை இழுத்தடித்து, ஒரு டப்பா வெள்ளையை வாங்கி ஒப்புக்கு அடித்துவிடுவேன். இந்த வருஷம் யாரும் கேட்கவில்லை. கேட்க ஆளில்லாதது எனக்குப் பொறுக்கவில்லை. நீ வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த அந்த இளம்பச்சை இருக்கிறதே, லாரிப் புகையில் ஒரே மாதத்தில் கறுத்துவிடும் என்று நான் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தது, அதை வாங்கினேன். நானும் நம் நீலமேகமும் இரண்டு நாள் கடையைச் சாத்திவிட்டு இரண்டு கோட்டு அடித்தோம். இருபது வருஷமாக நம்மிடம் வேலை பார்க்கிறவன், வியாசர்பாடியிலிருந்து தன் வீட்டு ஏணியைச் சைக்கிளில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தான். உனக்குப் போட்டோ அனுப்பினேன். "நான் இருக்கும்போது அடிக்கலையே" என்று ஒரே வரியில் பதில் போட்டாய். அந்த வரியை எத்தனை தரம் படித்தேன் என்று உனக்குத் தெரியாது.

அம்புக்குறி பச்சைக்குள் போய்விட்டது. எனக்கு அது உறைக்கவே இல்லை. எனக்கு மட்டுமல்ல. நம் வரிசையில் பதினோரு கடை. ஏழு பேர் நம் ஆட்கள், கிறிஸ்மஸுக்கு அடித்தார்கள். மற்ற நாலு பேர் பொங்கலுக்கு அடித்தார்கள். ஜனவரி பாதியில் பார்த்தால் ஒரு சுவரிலும் கோடும் இல்லை, எண்ணும் இல்லை. நீலமேகம்தான் முதலில் கண்டுபிடித்தான். "அண்ணாச்சி, பேஜாரா பூட்ச்சி. கோட்ட நாமளே பெயிண்ட்டு அட்ச்சி அயிச்சிட்டுகீறோம்" என்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

சுவரில் கோடு இல்லையென்று மறுபடி அளக்க வருகிறார்கள் எனத் தெரிந்ததும் பக்கத்து ஹார்டுவேர் சுடலைராஜ் எங்களை எல்லாம் தன் கடைக்குக் கூப்பிட்டார். அழிந்ததும் நல்லதுதான், கேட்டால் எல்லாரும் ஒன்று புள்ளி எட்டு என்று சொல்லிவிடுவோம் என்றார். "ஏ எபினேசரு, பதினோரு பேரும் ஒரே வாய்ல சொன்னா அவன் என்னவே செய்வான்? எழுதிக்கிட்டுப் போவான்" என்றார். நமக்கு இரண்டடி மிச்சமாகும். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். நான் சபைக் கமிட்டியில் இருக்கிறவன். வாரா வாரம் காணிக்கைப் பை தூக்குகிறவன்.

வந்தது பவானி என்று ஒரு பெண் அதிகாரி. நம் பெனிஷா வயசுதான் இருக்கும். தொப்பி போட்டுக்கொண்டு, கையில் ஒரு தடித்த நோட்டோடு கடை கடையாக நின்று பழைய அளவு என்ன என்று கேட்டாள். பதினோரு கடையிலும் ஒன்று புள்ளி எட்டு. என்னிடம் கேட்டபோது நானும் கூசாமல் ஒன்று புள்ளி எட்டு என்றேன். கடைசிக் கடை முடிந்ததும் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மூலை மருந்துக் கடை ரோட்டைப் பார்த்து ஐந்தடி நீட்டிக்கொண்டிருக்கிறது. சுடலைராஜ் கடை நாலடி உள்வாங்கி இருக்கிறது. "எல்லாருக்கும் ஒரே அளவுன்னா ரோடு வளைஞ்சு வளைஞ்சுதான் சார் போகணும். கன்டெய்னர் லாரி எப்படித் திரும்பும்?" என்றாள். வாழ்நாள் முழுக்க அடிக்கணக்கில் தார்ப்பாய் வெட்டி விற்றவன் நான், இரும்புக் குழாயை அளந்து விற்றவர் சுடலைராஜ். எங்களில் ஒருவர் மூளைக்கும் அது எட்டவில்லை.

முக்காலியில் ஒரு கருவியை நிறுத்தி முதலிலிருந்து அளந்தார்கள். போன தடவை மழைத்தண்ணீர்க் கால்வாயும் நடைபாதையும் கணக்கில் சேரவில்லையாம். இந்தத் தடவை சேர்ந்தது. நமக்குப் பதினைந்தடி. கடை பன்னிரண்டும் போய், படுக்கையறையிலும் மூன்றடி. பழைய கோடு சுவரில் இருந்திருந்தால் அதோடு விட்டிருப்பீர்களா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "தெரியல சார். எப்படியும் ஒருநாள் சேர்த்திருப்பாங்கன்னு நினைக்கிறேன்" என்றாள். அவள் மனசு நோகாமல் சொல்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து இரண்டு ஞாயிறாக நான் நற்கருணைக்கு எழுந்து போகவில்லை. சபை ஐயர் ஏன் என்று கேட்டார். முழங்கால் வலி என்று இன்னொரு பொய் சொன்னேன்.

இதுதான் போனில் சொல்ல முடியாமல் இருந்தது. உன்னைச் சந்தோஷப்படுத்த ஒரே ஒரு காரியம் செய்தேன், அதிலும் இப்படி ஆகிவிட்டது. என்னைத் திட்டு. உன் திட்டைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

சுவர் எல்லாம் இடையில் நிற்பதால் இந்தத் தடவை வீட்டுக்குள்ளேயே வந்து தரையில் கோடு போட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். நம் கட்டில் கடைச் சுவரை ஒட்டித்தானே கிடக்கிறது. கோடு அதன் அடியில் நீளவாக்கில் சரிபாதியாகப் போகிறது. சுவர்ப்பக்கம், நீ படுக்கிற பக்கம், ரோடு. என் பக்கம் வீடு. கட்டிலை உள்ளே தள்ளினால் சமையற்கட்டு வாசல் அடைபடுகிறது. அதனால் உன் தலையணையை என் பக்கம் மாற்றிவைத்துவிட்டு நான் உன் பக்கம் படுத்துக்கொள்கிறேன். லாரிக்காரர்களோடு காலம் தள்ளியவன், ரோட்டில் படுத்தால் எனக்கு என்ன. உன் தலையணை ரோட்டில் கிடப்பதைத்தான் பார்க்க முடியவில்லை.

இனி காரியத்துக்கு வருகிறேன். இந்தக் கவருக்குள் ஒரு படிவம் இருக்கிறது. வீடு உன் பேரில் இருப்பதால் கையெழுத்து நீதான் போட வேண்டும். மார்ச் இருபதுக்குள் கொடுக்க வேண்டும். அதில் இரண்டு கட்டம். கோட்டுக்கு வெளியே இருப்பதை மட்டும் கொடுக்கிறோம் என்பது ஒன்று. பாதிக் கட்டிடத்தை வைத்துக்கொண்டு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது இன்னொன்று. எந்தக் கட்டத்தில் போடுகிறாயோ அதுதான் முடிவு, பிறகு மாற்ற முடியாது.

போன வாரம் புது அளவையும் படிவத்தையும் மட்டும் நான் போனில் சொன்னபோது பெனிஷா சொன்னதை நீயும் கேட்டாய். முழுசையும் கொடுத்துட்டு ரெண்டு பேரும் இங்கேயே இருந்துடுங்கப்பா, பத்தொன்பது அடியில யாராவது குடும்பம் நடத்துவாங்களா என்றாள். மாப்பிள்ளையும் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது என்றார். தங்கமான பிள்ளைகள். நான் சரிம்மா, யோசிக்கலாம் என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. மகிமாவுக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாய். அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். ஒரு நாள் அங்கே இருக்க ஆசைப்படுகிறாய் என்று தோன்றுகிறது. மறுநாள் எனக்காகக் காத்திருக்கிறாய் என்று தோன்றுகிறது. ஆறு மாதம் என்று போனவள், பதினோரு மாதமாகிவிட்டது. நான் ஒரு தரமாவது வா என்று சொன்னேனா? பேத்தியை விட்டுவிட்டு வா என்று சொல்லும் கிழவன் என்று பேர் வாங்கப் பயம்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று வீடியோவில் மகிமாவைக் காட்டும்போது உன் கை தெரிந்தது. உள்ளங்கையில் அந்தக் காய்ப்பு இல்லை. நான் தார்ப்பாயை வெட்ட வெட்ட, நீ தரையில் உட்கார்ந்து சுத்தியலால் ஓரத்தில் கயிறு கோர்க்கிற பித்தளைக் கண் அடிப்பாய். முப்பத்திரண்டு வருஷம் அடித்தாய். பெனிஷா பிறந்து நாற்பதாம் நாளே வந்து உட்கார்ந்தாய், நானும் உட்காரவிட்டேன். அப்போது ஆள் வைக்க வசதியில்லை என்று சொன்னேன். வசதி வந்த பிறகும் நீ அடிப்பது போல் யாருக்கும் வராது என்று சொன்னேன். அது உண்மைதான், ஆனால் உண்மையைச் சொல்லியும் ஒருவரை வேலை வாங்கலாம். பதினோரு மாதத்தில் உன் கை ஒரு பள்ளிக்கூட டீச்சர் கை மாதிரி ஆகிவிட்டது. அதைப் பார்த்த பிறகு அந்தக் கையை எந்த வாயால் இங்கே கூப்பிடுவது என்று போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய்.

ஆனாலும் நான் சும்மா இருக்கவில்லை. டேப் வைத்து அளந்து பார்த்தேன். மிஞ்சுகிற பத்தொன்பதில் முன்னால் ஏழடி கடை. பின்னால் பன்னிரண்டடி சமையற்கட்டு, அதில் ஒரு பாதியைத் தடுத்தால் கட்டில் போடலாம். கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், இரண்டு பேர் நின்றால் உரசிக்கொண்டுதான் போக வேண்டும். அது ஒரு குறையாக எனக்குப் படவில்லை. கடையில் நைலான் கயிறும் வலை நூலும் மட்டும். கண் அடிக்கிற வேலையே கிடையாது. சுத்தியலை நீலமேகத்திடம் கொடுத்துவிட்டேன், வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். நீ கடைக்கு வந்தால் வேடிக்கை பார்க்க வரலாம், அவ்வளவுதான்.

கயிறு யார் வாங்குவார் என்றும் கேட்பாய். பைபாஸ் முடிந்தால் பாதி லாரி மாதவரத்திலிருந்தே திரும்பிவிடும் என்கிறார்கள். "லாரி பூட்டா இன்னா அண்ணாச்சி, கடலு எங்கயும் போவாதில்ல" என்கிறான் நீலமேகம். கத்திவாக்கத்து மீனவர்கள் வலை நூலுக்கு நம்மைத் தேடி வருகிறவரை நம் இரண்டு பேர் சோற்றுக்குக் குறைவில்லை. அதற்கு மேல் எனக்கு ஆசையும் இல்லை.

நம் கடை வாசலில் மீன் விற்கிற மலர்க்கொடி தினமும் உன்னைக் கேட்கிறாள். இந்த நெத்திலி அவள் உனக்காகக் காயவைத்தது, காசு வாங்க மாட்டேன் என்று சண்டை பிடித்தாள். கோடு போட்ட அன்று எல்லாரும் அவரவர் வீட்டுக்குள் ஓடி எத்தனை அடி என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உனக்கு இடம் போகிறதே மலர் என்றேன். "எனுக்கு இன்னாத்துக்கு அண்ணாச்சி கோடு? நான் கூடையத் தூக்கினா எடம் காலி. நீங்க எங்க போறீங்களோ அந்த வாசல்ல ஒக்காந்துக்கறேன்" என்றாள். அப்புறம், "அக்கா வரும்ல?" என்று கேட்டாள். வரும் என்று சொன்னேன். சொன்னேனே தவிர, எனக்கே நிச்சயமில்லாததால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இவ்வளவு எழுதியதை வைத்து நான் உன்னை ஒரு கட்டத்தின் பக்கம் தள்ளுகிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் தள்ளுகிறேன்தான். ஆனால் நிஜமாகவே சொல்கிறேன், உன் மனசு அங்கேதான் இருக்கிறதென்றால் முழுவதும் என்ற கட்டத்தில் போடு. நான் கடையைச் சாத்திவிட்டுப் பெட்டியோடு வந்துவிடுவேன். முணுமுணுக்க மாட்டேன். மகிமாவுக்குப் பருப்புச் சோறு ஊட்டக் கற்றுக்கொள்கிறேன். இத்தனை வருஷம் நான் போட்ட இடத்தில் நீ இருந்தாய். இந்தத் தடவை நீ சொல்கிற இடத்தில் நான் இருக்கிறேன். இரண்டில் எது என்றாலும் எனக்குச் சம்மதம். நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக இருப்பது மட்டும்தான் எனக்கு இனி முடியாது, கிருபை. அறுபத்தியொரு வயதில் இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்க மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். படிவத்தைக் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுத்தனுப்பாதே. ஹஃப்சா கேட்டாலும், மாப்பிள்ளை கூரியரில் அனுப்பலாம் என்றாலும் கொடுக்காதே. மார்ச் இருபதுக்குள் நீயே கையில் எடுத்துக்கொண்டு வா. பச்சை எப்படி இருக்கிறது என்று ஒரு தரம் பார். கட்டிலில் கோட்டுக்கு இந்தப் பக்கம் என் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கட்டமானாலும் அங்கே வைத்துப் போடு. பிறகு மஸ்கட்டுக்குத்தான் போக வேண்டுமென்றால் இருவருமாகப் போவோம்.

பெனிஷாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். மகிமாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். பயணம் போகிறவர்களுக்காக நம் வீட்டில் ஜெபிக்கும்போது, நல்லபடியாகப் போவதற்கும் நல்லபடியாக வருவதற்கும் சேர்த்துத்தான் ஜெபிப்போம். இந்தப் பதினோரு மாதமாக நான் வருவதற்கு மட்டும்தான் ஜெபிக்கிறேன்.

உன்,
எபினேசர்.